இன்ஜினை விடுங்கள், பம்பைப் பாருங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிருக்கு விறகடுப்பு எரிக்கும் வீடுகள் இன்றும் நிறைய உண்டு. அவற்றில் பல வீடுகளின் பின்புறம் விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்று நிற்கும். கனமான இரும்பு உத்தரம், அதன் ஒரு முனையில் எஃகு ஆப்பு, மறுமுனையில் ஹைட்ராலிக் சிலிண்டர், பக்கத்தில் சிறிய பெட்ரோல் இன்ஜின். உருளைக் கட்டையை நடுவில் வைத்து லீவரைத் தள்ளினால், கோடாலிக்கு வளைந்து கொடுக்காத கட்டையும் ஒரு நிமிடத்துக்குள் இரண்டாகும்.

இதில் முதலில் படுத்துவிடுவது இன்ஜின்தான். ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் வேலை செய்துவிட்டு மற்ற மாதங்களெல்லாம் அது சும்மா கிடக்கிறது. டாங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண் துளைகளை அடைக்கிறது. அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கிறது. ஆனால் சிலிண்டரும் பம்பும் வால்வும் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பதால் எளிதில் கெடுவதில்லை.

இன்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் பொருத்தலாமா? தாராளமாகப் பொருத்தலாம். இரைச்சல் குறையும், புகை இருக்காது, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பாடும் இல்லை. கொட்டகைக்குள்ளேயே நின்று வேலை செய்யலாம். பெட்ரோல் இன்ஜினை மூடிய இடத்தில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். ஆனால் இந்த மாற்றத்தில் இறங்குகிற பலரும் “பழைய இன்ஜின் 6.5 எச்பி, மோட்டார் எத்தனை எச்பி வாங்க?” என்று தொடங்குகிறார்கள். கேள்வியே தவறு. மோட்டாரின் அளவைச் சொல்வது பம்ப். பம்பைப் படிக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கட்டையைப் பிளப்பது எது?

கட்டையைப் பிளக்கும் விசைக்கு இரண்டே காரணங்கள்: எண்ணெயின் அழுத்தம், பிஸ்டனின் பரப்பு. இரண்டையும் பெருக்கினால் விசை கிடைக்கும்.

பரவலாகக் கிடைக்கும் ஒரு அளவை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 4 அங்குலம், ஓட்டம் 24 அங்குலம். பிஸ்டனின் பரப்பு 81 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு 3000 பிஎஸ்ஐயில், அதாவது 207 பாரில் திறக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக, இந்தச் சிலிண்டர் ஏறத்தாழ 17 டன் விசையோடு தள்ளும்.

இந்தக் கணக்கில் இன்ஜின் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெட்ரோலோ மின்சாரமோ, பம்பை யார் சுற்றினாலும் 207 பார் வரும்வரை சுற்ற முடிந்தால் விசை அதே 17 டன்தான். மோட்டார் மாற்றினால் இயந்திரத்தின் பலம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாறக்கூடியது வேகம் மட்டுமே.

ஒரு பம்புக்குள் இரண்டு பம்ப்

இந்த இயந்திரங்களில் இருப்பது இரட்டைக் கட்ட கியர் பம்ப். ஒரே தண்டில் இரண்டு ஜோடி பற்சக்கரங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஆப்பு கட்டையைத் தொடும்வரை இரண்டு ஜோடிகளும் சேர்ந்து எண்ணெயைத் தள்ளும். பிஸ்டன் விரைந்து நகரும். ஆப்பு மரத்தில் பதிந்து அழுத்தம் ஏறி 45 பார் அளவைத் தாண்டியதும், உள்ளே இருக்கும் வால்வு பெரிய ஜோடியின் எண்ணெயைச் சுமையில்லாமல் திருப்பிவிடும். அதன்பின் சிறிய ஜோடி மட்டும் உழைக்கும். எண்ணெய் குறைவு, அழுத்தம் அதிகம்.

பக்கத்தில் நின்றால் இந்த மாற்றம் காதிலேயே கேட்கும். சீராக ஓடிய பம்பின் ஒலி சட்டென்று கனத்துத் தாழும், பிஸ்டன் மெதுவாகும், மரத்தின் நார் ஒவ்வொன்றாக அறும் சத்தம் வரும். கட்டை வெடித்துப் பிரிந்ததும் பழைய ஒலி திரும்பிவிடும். மோட்டாரின் மீது உண்மையான சுமை விழுவது அந்தச் சில வினாடிகளில்தான்.

வேகத்துக்குத்தான் விலை

பம்பின் மேலிருக்கும் தகட்டில் 11 கேலன் என்று இருக்கும். அது 3600 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடத்துக்குத் தள்ளும் அளவு, லிட்டரில் 42. இரண்டாம் கட்டத்தில் சிறிய ஜோடி மட்டும் ஏறத்தாழ 11 லிட்டர் தள்ளும்.

தேவையான திறனைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை பார் என்பதால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். பம்புக்குள் வீணாவதையும் சேர்க்க, வந்த விடையை 0.85-ஆல் வகுக்க வேண்டும். முழு அழுத்தத்தில் 11 லிட்டர், 207 பார்: 4.5 கிலோவாட்.

மோட்டாருக்கு வருவோம். மின் மோட்டாரின் வேகம் நம் விருப்பத்துக்கு அமைவதில்லை. மின்சாரத்தின் அதிர்வெண் அதைக் கட்டிப் போடுகிறது. வட அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் 3450, நான்கு துருவ மோட்டார் 1725 ஆர்பிஎம் அளவில் ஓடும். இந்தியா, இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் அவையே 2880, 1440. அதே பம்பை இந்த வேகங்களில் சுற்றினால் கிடைப்பது இது:

- 3600 ஆர்பிஎம் (இன்ஜின்): 42 லிட்டர், உச்சத் தேவை 4.5 கிலோவாட், பிஸ்டன் முழுதாகப் போய்வர 12 முதல் 13 வினாடி.
- 3450: 40 லிட்டர், 4.3 கிலோவாட், 13 வினாடி.
- 2880: 33 லிட்டர், 3.6 கிலோவாட், 16 வினாடிக்குச் சற்றுக் குறைவு.
- 1725: 20 லிட்டர், 2.1 கிலோவாட், 26 வினாடி.
- 1440: 17 லிட்டர், 1.8 கிலோவாட், 31 வினாடி.

ஐந்து வரிகளிலும் விசை அதே 17 டன். பாதி வேகத்தில் சுற்றினால் பாதித் திறன் போதும். 2880-இல் 5 எச்பி, அதாவது 3.7 கிலோவாட் மோட்டார் கேட்கும் அதே பம்ப், 1440-இல் 3 எச்பி மோட்டாரோடு நிம்மதியாக ஓடும். பொறுமை இருந்தால் சிறிய மோட்டார் போதும் என்பதே இந்தப் பட்டியலின் சாரம்.

31 வினாடி என்பது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் பிஸ்டன் எப்போதும் முழு ஓட்டமும் ஓட வேண்டியதில்லை. அடுப்புக்கு வெட்டும் கட்டை பெரும்பாலும் 40 சென்டிமீட்டர்தான். கட்டையின் நீளத்துக்கு மட்டும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் நேரம் நன்றாகக் குறையும். தவிர, குனிந்து கட்டையைத் தூக்கி வைத்து, பிளந்ததை எடுத்து அடுக்குகிற ஆளுக்கும் நேரம் வேண்டும். தனியாக வேலை செய்பவருக்கு மெதுவான இயந்திரம் பெரிய நட்டமில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் வேகமான மோட்டார் பலன் தரும்.

இரண்டு எச்பியும் ஒன்றல்ல

இன்ஜினில் எழுதியிருக்கும் எச்பி அதன் உச்ச வரம்பு. அதற்கு மேல் கேட்டால் முக்கி நின்றுவிடும். அந்த எண்ணும் அளக்கும் முறையைப் பொறுத்தே அமையும். இந்த வகை இயந்திரங்களில் பரவலாகக் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்200, 196 சிசி இன்ஜின். அது ஒரு காலத்தில் 6.5 எச்பி என்று விற்றது. நிகரத் திறனை அளந்து குறிக்கும் முறை வந்தபின் அதே இன்ஜின் 5.5 எச்பி ஆனது. இன்ஜினில் எதுவும் குறைந்துவிடவில்லை.

மோட்டாரின் எச்பி வேறு பொருள் கொண்டது. அந்தச் சுமையை நாள் முழுக்க, சூடேறிக் கெடாமல் சுமக்கும் என்பதற்கான உறுதி அது. சில வினாடிகளுக்கு அதைவிடக் கூடுதல் சுமை வந்தாலும் நின்றுவிடாது. சாதாரண இண்டக்ஷன் மோட்டாரின் உச்ச முறுக்கு விசை அதன் இயல்பான அளவைப் போல இரு மடங்கு அளவு இருக்கும். விறகு பிளப்பதில் உச்சச் சுமை விட்டு விட்டே வருவதால் இந்தக் கையிருப்பு நன்றாகப் பயன்படுகிறது. 5 எச்பி இன்ஜின் இருந்த இடத்தில் 3 எச்பி மோட்டார் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பம்பின் கணக்கைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

மோட்டாரின் பெயர்ப்பலகையையும் சரியாகப் படிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் ஏர் கம்ப்ரசருக்கென்று விற்கும் மலிவான சில மோட்டார்களில் எச்பி இருக்கும் இடத்தில் ‘எஸ்பிஎல்’ என்ற மூன்று எழுத்து இருக்கும். கடைக்காரர் 5 எச்பி என்பார். அடுத்த கட்டத்தில் 230 வோல்ட், 15 ஆம்பியர் என்றிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 3450 வாட். உண்மையான 5 எச்பி என்பது தண்டில் 3730 வாட். உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வராதல்லவா? இழப்புகளைக் கழித்தால் அது 3 எச்பியை ஒட்டிய மோட்டார்தான். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் அட்டவணைப்படி 230 வோல்ட் சிங்கிள் பேஸில் 3 எச்பிக்கு 17 ஆம்பியர், 5 எச்பிக்கு 28 ஆம்பியர். பலகையில் எச்பியைப் பார்க்கும் முன் ஆம்பியரைப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மரத்தூள் பறக்கும் இடத்தில் முழுதாக மூடி, வெளி விசிறியால் குளிரும் மோட்டாரே வேண்டும். காற்றுத் துளை திறந்திருக்கும் மோட்டாருக்குள் தூள் புகுந்து காயிலைக் கருக்கிவிடும்.

மின்சாரம் அங்கே போய்ச் சேருமா?

வட அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். நாம் கணக்கிட்ட எந்த மோட்டாருக்கும் அது போதாது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கென்று வரும் 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு அங்குள்ள பல வீடுகளில் உண்டு. அத்தகைய தனி இணைப்பு ஒன்று இருந்தால் 3 எச்பி மோட்டார் தடையின்றி ஓடும். 5 எச்பிக்கு இன்னும் தடித்த வயர் வேண்டும்.

தூரம் அடுத்த எதிரி. இணைப்பிலிருந்து இயந்திரம் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 மீட்டர், தடை 0.44 ஓம். 17 ஆம்பியரில் ஓடும்போது ஏழரை வோல்ட் குறைவது பெரிதல்ல. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் 100 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது 44 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட் 186 ஆகும்போது கிளம்பும் பலம் 65 சதவீதமாகிவிடுகிறது. குளிரில் கெட்டியான எண்ணெயையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் சூடேறும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 19 வோல்ட்டுக்குள் அடங்கும்.

த்ரீ பேஸ் இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தொழிற்சாலைகள் இலையை உலர்த்த விறகு எரிக்கின்றன. அத்தகைய இடங்களில் 415 அல்லது 400 வோல்ட்டில் 5 எச்பி மோட்டார் எட்டு ஆம்பியருக்குள் ஓடிவிடும், கெபாசிட்டர் தேவையில்லை. சிங்கிள் பேஸ் மட்டுமே இருந்தால், அதை வாங்கி த்ரீ பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி கருவியோடு த்ரீ பேஸ் மோட்டாரைப் பொருத்தலாம். மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால் அந்த 100 ஆம்பியர் அடியும் விழாது.

பட்டறை வேலை

சுழலும் திசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறிய இன்ஜின்கள், தண்டு முனைக்கு எதிரே நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மோட்டாரும் அப்படியே சுழல வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் பம்ப் எண்ணெயை இழுக்காமல் வறண்டு தேயும். த்ரீ பேஸில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போட்டால் திசை திரும்பும். சிங்கிள் பேஸில் ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனைகளை மாற்ற வேண்டும்.

அடுத்து, மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் இணைக்கும் கப்ளிங். ஜிஎக்ஸ்200-இன் தண்டு முக்கால் அங்குலம், 2.2 கிலோவாட், நான்கு துருவ மோட்டாரின் தண்டு பொதுவாக 28 மில்லிமீட்டர். பம்பின் தண்டு அரை அங்குலம். ஆகவே மோட்டார் பக்கத்துப் பாதியை மட்டும் புதிதாக வாங்கினாலோ லேத் பட்டறையில் கடைந்தாலோ போதும். இரண்டு உலோகப் பாதிகளுக்கு நடுவே நட்சத்திர வடிவ ரப்பர் உட்காரும். இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு கிரப் ஸ்க்ரூவை முறுக்குங்கள். பம்ப் தண்டில் கப்ளிங் ஏறவில்லை என்று சுத்தியலால் தட்டவே வேண்டாம். அந்த அடி நேரே உள்ளே இருக்கும் பற்சக்கரத்தில் இறங்கி, அது சுவரில் உரசத் தொடங்கும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, கையால் ஏறும்படி செய்யுங்கள்.

இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அடித்தட்டில் மோட்டாரின் போல்ட் துளைகளை நீள்துளையாக வெட்டினால் பக்கவாட்டில் நகர்த்தலாம். உயரத்தை மெல்லிய தகடு செருகிச் சரிசெய்யலாம். பழைய இன்ஜின் 16 கிலோ. வார்ப்பிரும்பு மோட்டார் அதைப் போல இரு மடங்கு வரை கனக்கும். அடித்தட்டைத் தாங்கும் சட்டத்தை அதற்கேற்ப வலுவாக்குங்கள்.

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டாதீர்கள், விட்டத்தைக் குறைக்காதீர்கள். எண்ணெய் தாராளமாக வராவிட்டால் பம்பில் குமிழிகள் உருவாகி வெடித்து உலோகத்தை அரிக்கும். கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் அதன் அறிகுறி. கடுங்குளிர் ஊர்களில் ஐஎஸ்ஓ 32 தர எண்ணெய் பொருத்தம். நம் பக்கத்து வெப்பத்துக்கு 46.

கட்டாயம் வேண்டிய நான்கு

மின் மோட்டார் அதிக ஓசையின்றி ஓடும். வசதியும் ஆபத்தும் அதிலேயே இருக்கின்றன. இன்ஜின் நின்றதைக் காது சொல்லும். மோட்டார் ஓடுகிறதா என்பதைச் சில நேரம் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஒன்று, வெறும் சுவிட்ச் போதாது. காந்த ஸ்டார்ட்டர் வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது. ஆப்புக்கும் கட்டைக்கும் நடுவே அந்த நேரத்தில் யாருடைய கை இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு, ஸ்டார்ட்டரில் பெயர்ப்பலகை ஆம்பியருக்கேற்ற ஓவர்லோடு ரிலே. கை எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான். மூன்று, முறையான எர்த், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஈர மண்ணில் நின்று இரும்பு இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்கிறோம். இந்த இணைப்பைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும். நான்கு, கப்ளிங்கை முழுதாக மறைக்கும் தகடு.

எண்ணெய்க் கசிவைக் கையால் தேடாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

முதல் ஓட்டம்

எண்ணெய் அளவைப் பாருங்கள். வால்வு லீவர் நடுநிலையில் இருக்கட்டும். அப்போது எண்ணெய் சுமையில்லாமல் சுற்றிவரும், மோட்டாரும் எளிதில் கிளம்பும். ஒரு நொடி மட்டும் ஸ்விட்சைத் தட்டித் திசையைச் சரிபாருங்கள். சரியென்றால் ஓடவிட்டு, கட்டை வைக்காமல் பிஸ்டனைப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

பிறகு டங் டெஸ்டரை வயரில் மாட்டி ஆம்பியரைப் பாருங்கள். சும்மா ஓடும்போது எவ்வளவு, கட்டையைப் பிளக்கும்போது எவ்வளவு, பிஸ்டன் முனைக்குப் போய் ரிலீஃப் வால்வு திறக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் எவ்வளவு? கடைசி எண் பெயர்ப்பலகையை மிகவும் மிஞ்சினால் ரிலீஃப் அழுத்தத்தைக் குறையுங்கள். 207 பாரை 170 ஆக்கினால் மோட்டாரின் சுமை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கையில் இன்னும் 14 டன் இருக்கும். நேரான நார் கொண்ட கட்டைகளுக்கு அது தாராளம். முடிச்சு நிறைந்த கட்டையும், நார் பின்னிக்கிடக்கும் எல்ம் போன்ற மரமும்தான் அதற்கு மேல் கேட்கும். அழுத்தமானி ஒன்றைப் பொருத்தாமல் ரிலீஃப் திருகைத் தொடக் கூடாது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு கட்டைக்கும் மோட்டாரை நிறுத்தி நிறுத்தி இயக்குவதும் தவறு. ஒவ்வொரு கிளம்பலிலும் காயிலும் கெபாசிட்டரும் சூடாகின்றன. ஒரு குவியல் முடியும்வரை ஓடவிட்டு, ஓய்வெடுக்கும்போது நிறுத்தினால் போதும்.

யாருக்கு இது வேண்டாம்?

மரம் விழுந்த இடத்துக்கே இயந்திரத்தை இழுத்துச் சென்று பிளப்பவர்களுக்கு இன்ஜினே சரி. 240 வோல்ட் இணைப்புக்குப் புதிதாக நிறையச் செலவு செய்ய வேண்டியவர்களும், ஆண்டுக்கு ஒரு சிறு குவியல் மட்டும் பிளப்பவர்களும், சாதாரண பிளக்கில் ஓடும் ஐந்து ஆறு டன் சிறிய மின் இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவர்கள் பழைய இரும்பைக் காய்லான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அதன் சிலிண்டரும் உத்தரமும் வால்வும்தான் விலையுயர்ந்த பாகங்கள். அவை நன்றாக இருந்தால் இயந்திரத்தின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது என்று பொருள். கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: பம்ப் தள்ளும் லிட்டர், ரிலீஃப் அழுத்தம், மோட்டார் சுழலும் வேகம், உங்கள் இணைப்பு தாங்கும் ஆம்பியர். இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் பழைய இயந்திரம் இன்னும் பல குளிர்காலங்களுக்கு உழைக்கும்.